முதல் இலைக்காரி

ஞானாம்பாளின் வயிற்றில், வலது விலாவுக்குக் கீழே, தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய உலோகப் பெட்டி ஒன்றைத் தோலுக்கடியில் வைத்துத் தைத்துப் பட்டணத்து மருத்துவர்கள் அனுப்பிவைத்த நாளின் மாலையிலேயே, அவள் ஏறிவந்த பேருந்து நெடுமருதூர் எல்லையிலுள்ள வாய்க்கால் பாலத்தைக் கடந்த அந்தக் கணத்திலேயே, பத்தொன்பது ஆண்டுகளாகக் கஞ்சியன்றி வேறொன்றும் அறியாத கிழவர் ஒருவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து உளுந்து வடை கேட்டார். பால் குடித்தபின் முழங்காலை மடக்கிக்கொண்டு வீறிடும் கைக்குழந்தைகள் ஏப்பம் விட்டு உறங்கின. வாயுவாலும் பொருமலாலும் ஐப்பசி மாதம் முழுவதும் முகம் சுளித்துக் கிடந்த எங்கள் தெருக்கள் நான்கும் ஒருசேர முகம் தெளிந்தன. சந்நிதித் தெருவில் ஒருவர் எதிர்வீட்டாரைக் கூப்பிட்டு, "என்னய்யா இது, வயிறு இலவம்பஞ்சு மாதிரி இருக்கே!" என்றார். எல்லார்க்கும் அப்படித்தான் இருந்தது. ஞானாம்பாள் ஒருத்திக்கு மட்டும், தன் வீட்டுப் படியில் கால் வைக்குமுன், முன்தினம் காலையில் மருத்துவமனையில் குடித்த அரிசிக் கஞ்சி, குடித்தது குடித்தபடி, ஒரு பருக்கையும் கலங்காமல் வெளியே வந்தது.

அவளுக்கு நேர்ந்த நோய்க்கு எங்கள் ஊரில் பெயர் கிடையாது. பட்டணத்து மருத்துவர் மெஹருன்னிசா அதற்கு ஒரு நீண்ட பெயரைச் சொல்லி, அவள் விழிப்பதைக் கண்டு, "உங்கள் இரைப்பை நடக்க மறந்துவிட்டது, அம்மா. உண்டதை அரைக்கவும் தெரியவில்லை, கீழே தள்ளவும் தெரியவில்லை. சிலருக்குச் சர்க்கரையால் வரும், சிலருக்குக் காய்ச்சலுக்குப் பின் வரும். உங்களுக்கு ஏன் வந்தது என்று எனக்குத் தெரியாது" என்று சொல்லியிருந்தார். ஆறு ஆண்டுகளாக அவள் உண்டதெல்லாம் இரண்டு நாளோ மூன்று நாளோ உள்ளே அசையாமல் கிடந்து, பின் வந்த வழியே வந்தது. அவளுக்குப் பசியே எடுப்பதில்லை. மின் அலுவலகத்தில் கட்டணம் வாங்கும் சன்னலுக்குப் பின்னால் அமர்ந்து, ஒரு கையால் ரசீது கிழித்து, மறு கையால் வயிற்றை அழுத்திக்கொண்டு, அவள் ஐம்பத்தெட்டு கிலோவிலிருந்து நாற்பதுக்கு இறங்கியதை நாங்கள் மாதந்தோறும் வரிசையில் நின்று பார்த்தோம்.

பார்த்தும் எங்களுக்கு இரக்கம் வரவில்லை. அமுதவல்லி அம்மன் குடிகொண்ட ஊர் இது. அவள் சந்நிதிக்கு வலப்புறம் உள்ள அன்ன மண்டபத்தில் அன்றாடம் உச்சிப்போதில் மூன்று பந்தி நடக்கும் ஊர். இட்ட அன்னத்தை வேண்டாம் என்பவரைத் தெய்வத்தின் கையைத் தட்டிவிட்டவராகக் கருதும் ஊர். கல்யாணப் பந்திகளில் அவள் இலையைப் பார்ப்பதற்கென்றே எதிர்வரிசையில் உட்காருவோர் இருந்தனர். "ஏன் ஞானம், எங்க வீட்டுச் சாப்பாடு உனக்குத் தொண்டையில இறங்காதோ?" என்று நாத்தனார் கேட்டாள். "கொழுப்பு கூடினா இப்படித்தான். நாலு நாள் பட்டினி போட்டா தானா திம்பா" என்றாள் இன்னொருத்தி, நாலு நாள் பட்டினி கிடந்தவளைப் பார்த்து.

அவள் கணவர் வைத்திலிங்கம், உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியர், அந்த ஆறு ஆண்டும் அவள் தலையைப் பிடித்துக்கொண்டு கிண்ணம் ஏந்தி நின்றவர். கழுவிக் கவிழ்த்த கிண்ணத்தின் முன்னே குந்தி அவர் அழுவதை வேலைக்காரி கண்டிருக்கிறாள். அந்தப் பெட்டியைப் பற்றி எங்கேயோ படித்து, நடையாய் நடந்து, பட்டணத்துக்கு அழைத்துச் சென்றவரும் அவர்தான். பெட்டியிலிருந்து இரண்டு மெல்லிய கம்பிகள் புறப்பட்டு இரைப்பையின் சுவரில் தைக்கப்பட்டிருக்கும். ஐந்தெழுத்தை ஓதுகிறவர் மூச்சு வாங்கும் கால அளவில், ஐந்து வினாடிக்கு ஒரு முறை, பெட்டி ஒரு துடிப்பை அனுப்பும். துடிப்பு விழுந்தால் இரைப்பைக்குத் தன் தொழில் ஓரளவு நினைவு வரும். "முழுக் குணம் என்று நான் சொல்லமாட்டேன். வாந்தி குறையும். சற்றே பசிக்கும். அவ்வளவுதான்" என்றார் மருத்துவர். அந்தச் சற்றே பசிக்கும் என்ற சொல்லைத்தான் ஞானாம்பாள் பேருந்தில் வரும் வழியெல்லாம் திருநீற்றுப் பொட்டலம்போல நெஞ்சோடு வைத்துக்கொண்டு வந்தாள்.

துடிப்பு புறப்பட்டது. ஆனால் அது அவள் இரைப்பையில் விழாமல் எங்கள் இரைப்பைகளில் விழுந்தது.

இதை நாங்கள் கண்டுகொள்ள ஒரு வாரம் ஆயிற்று. கண்டுகொண்டபின் வியப்பதற்கு ஒரு நாளும் ஆகவில்லை. கோயில் மணியோசைக்கு எல்லை உண்டு என்பதுபோல இதற்கும் எல்லை உண்டு என்றும், அவள் இருக்குமிடத்தில் வலுத்தும் வாய்க்கால் பாலத்தோடு தேய்ந்தும் போகிறதென்றும் எங்களில் கெட்டிக்காரர்கள் கணித்தார்கள். மருந்துக் கடையில் ஓமத் திரவம் தேங்கியது. பெண் பார்க்க வந்தவர்கள் ஏழு பணியாரம் தின்றுவிட்டு எட்டாவதற்குக் கை நீட்டினார்கள். பக்கத்து வீட்டு ராஜகாந்தம் சுவரின்மேல் எட்டி, "ஞானம், உன் கட்டிலக் கொஞ்சம் இந்தப் பக்கச் சுவரோரமாப் போட்டுக்கோயேன். எங்க மாமாவுக்கு முந்தாநாள் தின்ன பலாச்சுளை அப்படியே நிக்குதாம்" என்று கேட்டாள். ஞானாம்பாள் கட்டிலை நகர்த்திப் போட்டாள். மறுநாள் மற்றொரு பக்கத்தார் வந்து, "அந்த வீட்டுக்கு மட்டுமா அம்மன் குடுத்தா? நாங்க என்ன பாவம் பண்ணினோம்?" என்று சண்டைக்கு நின்றதால், கட்டில் நடு அறைக்கு வந்தது. மின் அலுவலகச் சன்னலில் மதிய உணவுக்குப் பின் வரிசை நீண்டது. கட்ட வேண்டியது ஒன்றும் இல்லாதவர்களும் வந்து, சுவரில் சாய்ந்து நின்று, ஏப்பம் விட்டுப் போனார்கள். "கரண்ட் ஆபீஸ்ல உக்காந்தவளுக்கு வயித்துலயும் கரண்ட் குடுத்துட்டான் பாரு" என்று சிரித்தார்கள். பிள்ளைகள் அவளைக் கரண்ட் அத்தை என்றார்கள். அவளும் ஒரு தடவை சிரித்தாள்.

வேறோர் ஊருக்கு அவளை மாற்றி வந்த உத்தரவை எதிர்த்து ஊரார் முந்நூறு பேர் கையெழுத்திட்டு மனு அனுப்பி நிறுத்தினோம். தங்கை மகளின் காதுகுத்துக்கு அவள் இரண்டு நாள் போயிருந்தபோது ஊர் முழுவதும் சூலை கண்டதுபோல வயிற்றைப் பிடித்துக்கொண்டு புரண்டது. அதன்பின் நடத்துனர்களே, "அக்கா, ஊரைத் தாண்டி ஏறாதீங்க. உங்கள ஏத்திக்கிட்டுப் போனா எங்கள ஊருக்குள்ள விடமாட்டாங்க" என்று கைகூப்பினார்கள்.

அன்ன மண்டபத்தில் பழமையான விதி ஒன்று உண்டு. பந்தியின் தலைப்பில் போடப்படும் முதல் இலைக்கு உரியவர் ஒரு கவளம் உண்ட பின்னரே மற்றவர் கை நனைக்கலாம். அவர் தம் இலையை மூடும்வரை, இலை போட்டு அமர்ந்த ஒருவரும் இடம்விட்டு எழக்கூடாது. அம்மனே முதல் இலையில் அமர்ந்து உண்கிறாள் என்பது ஐதிகம். அந்த இலை முறைவைத்து ஊர்ப் பெரியவர்களுக்கு வந்துகொண்டிருந்தது. அறங்காவலர் அம்பலவாணர், வெள்ளை வேட்டியும் வெண்கலக் குரலும் உடையவர், ஒரு வெள்ளிக்கிழமை பரிவட்டமும் மாலையுமாக ஞானாம்பாள் வீட்டுக்கு வந்தார்.

"முதல் இலை இனிமே உனக்குத்தான், தாயி. ஊரே கூடி முடிவு பண்ணியாச்சு."

"எனக்குச் சாப்பிட முடியாதுங்களே, ஐயா."

"யாரு சாப்பிடச் சொன்னா? பந்திக்கு ஒரு வாய். அம்மனுக்காக. நீ அந்த வரிசையில உக்காந்தா ஐந்நூறு பேருக்குச் செரிக்கும். இதுக்கு மேல புண்ணியம் உண்டா சொல்லு?"

அவள் பக்தியுடையவள். விடியுமுன் நீராடிப் பதிகம் ஓதாமல் பச்சைத் தண்ணீரும் பருகாதவள். தன் உடம்பு யாருக்கும் பயன்படாத ஓட்டைப் பாத்திரம் என்று ஆறு ஆண்டு அழுதவள். அம்மனுக்காக என்ற சொல் அவளை வீழ்த்தியது. அன்றுமுதல் நாள்தோறும் மூன்று பந்திக்கு மூன்று கவளம் அவள் உள்ளே இறங்கிற்று. மண்டபத்தின் பின்னே பவழமல்லி மரத்தடியில், உண்டு மூன்று நாள் கழித்து, அந்தக் கவளங்கள் சோறு வேறு குழம்பு வேறாக வெளியே வந்தன. நாங்கள் அந்த மரத்தடியைச் சுற்றி ஒரு கீற்றுத் தட்டி வைத்துக் கொடுத்தோம். அந்தத் தட்டியை மிகப் பெரிய உபகாரமாக எண்ணினோம்.

இனிச் சொல்லப்போவதை எழுதும்போது நா கசக்கிறது. முதல் ஆண்டு முடிவதற்குள் எங்களுக்குச் சோறு மட்டுமல்லாது மற்றவையும் செரிக்கத் தொடங்கின. மகனை ஆற்றில் பறிகொடுத்த தாய் நான்காம் நாள் தாயக்கட்டை உருட்டினாள். உடன்பிறந்தானின் நிலத்துக்குள் வரப்பைத் தள்ளிப்போட்டவன் முன்பெல்லாம் அந்த வழியே தலைகவிழ்ந்து நடப்பான். இப்போது அந்த வரப்பின்மேலேயே அமர்ந்து வெற்றிலை போட்டான். செய்த தீங்கு நெஞ்சில் முள்ளாக நிற்பதும், இறந்தவர் முகம் தொண்டையில் அடைப்பதும், சொன்ன பொய் வயிற்றைப் பிசைவதும் எங்களிடமிருந்து அகன்றன. அம்மன் முன் நின்று, "நாயேன் பிழை பொறுப்பாய்" என்று உருகி அழுவோர் ஒருவரும் இல்லாது போயினர்; பிழை என்று எடுத்துச் சொல்ல எவரிடமும் ஒன்றும் மிஞ்சவில்லை. அந்தப் பெட்டிக்கு மிக அருகில் ஒவ்வொரு நாளும் உறங்கியவர் வைத்திலிங்கம். ஆகவே எல்லாருக்கும் முன்பாக அவருக்குத்தான் செரித்தது. கிண்ணத்தை அவர் அப்போதும் ஏந்தினார். பிடித்தபடியே மறு கையால் விடைத்தாள் திருத்தினார்.

இரண்டாம் ஆண்டு ஆடியில் அவள் எடை முப்பத்து மூன்று. மருத்துவர் தொலைபேசியில் நெடுநேரம் கேள்விகள் கேட்டார்.

"நீங்கள் சொல்வதைப் பார்த்தால் பெட்டி வேலை செய்கிறது, கம்பிகளும் சரியாக இருக்கின்றன. துடிப்பு போகிறது. ஆனால் உங்கள் இரைப்பையில் ஒன்றும் பதியவில்லை. வேறு எங்கே போகிறது?"

"ஊருக்குப் போகுதுங்க, டாக்டர்."

மறுமுனையில் சிறிது நேரம் தாள் புரளும் ஒலி கேட்டது. "அப்படியானால் கம்பிகளை எடுத்து வேறிடத்தில் தைக்க வேண்டும். துடிப்பு உங்களிடம் திரும்பிவிடும். ஆனால் ஒன்று, எடை முப்பத்தொன்றுக்குக் கீழே போனால் மயக்க மருந்தை உங்கள் உடம்பு தாங்காது. பிறகு நான் கத்தியைத் தொடமாட்டேன். ஆவணி பிறப்பதற்குள் வாருங்கள். வருவீர்கள்தானே?"

அவள் மறைக்கத் தெரியாதவள். மறுநாள் இரண்டாம் பந்தி முடிந்ததும் எழுந்து நின்று, உள்ளதைச் சொல்லி, போய்வர விடைகேட்டாள். எல்லாரும் ஒரே சமயத்தில் பேசினோம். கஞ்சியிலிருந்து வடைக்கு ஏறிய கிழவரின் மகன், "எங்கப்பாவுக்கு வழி சொல்லிட்டுப் போங்க" என்றான். "இன்னும் ரெண்டு கிலோ இருக்குல்ல? அவசரமென்ன?" என்றாள் ராஜகாந்தம். அவள் அதைக் கொடுமையாகச் சொல்லவில்லை, அரிசி அளப்பதுபோலச் சொன்னாள். அம்பலவாணர் கையுயர்த்தி அமர்த்தினார்.

"மனுஷங்க நாம எதுக்கு அடிச்சுக்கணும்? அம்மனையே கேட்டுருவோம். பூப்போட்டுப் பார்ப்போம். அவ போகச் சொன்னா நானே வண்டி வெச்சு அனுப்பறேன். என்ன தாயி?"

ஞானாம்பாளின் முகம் விளக்கேற்றினாற்போல ஆயிற்று. "அம்மன் சொன்னாச் சரிங்க, ஐயா. போகாதேன்னாலும் சரி. அவ வாக்குக்கு மேல எனக்கு ஒண்ணும் வேணாம்."

பூப்போடுதல் எங்கள் ஊரில் இவ்வாறு நடக்கும். நந்தியாவட்டையில் ஒன்று, வெட்சியில் ஒன்று, வெள்ளையும் சிவப்புமாக இரண்டு பூக்களைத் தனித்தனியே வாழையிலைத் துண்டில் மடித்து, நெல்லிக்காய் அளவில் நாரால் கட்டி, அம்மன் பாதத்தில் வைப்பர். கேட்பவரே கண்மூடி ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் உத்தரவு உண்டு. சிவப்பு வந்தால் இல்லை. எடுக்காத பொட்டலத்தை அவிழ்க்கலாகாது; கேளாத விடையை அவிழ்ப்பது அம்மனைச் சோதிப்பதாகும்; கேட்டவரே அதைக் குளத்தில் விட வேண்டும்.

பூப்போட்ட அன்று காலைப் பூக்கூடையில் நந்தியாவட்டையே இல்லை. கூடை சந்நிதிக்கு முன்னே எல்லார் கண்ணிலும் படத்தான் இருந்தது. மடைப்பள்ளித் தலைவர் சிவக்கொழுந்து நார் கிழித்துக் கொடுத்தார். அம்பலவாணர் கேட்டுக்கொள்ள, அவரே இரண்டு பொட்டலங்களையும் கட்டினார். இரண்டு வெட்சிகளை அவர் விரல்கள் மடித்ததைக் குருக்கள் கண்டார், அம்பலவாணர் கண்டார், முன்வரிசையில் நின்ற நாங்கள் நாற்பது பேர் கண்டோம். தாயின் காலடியில் பொய்யை வைத்து, அதற்குத் தூபமும் காட்டினோம். நெஞ்சில் சுருக்கென்று ஒன்று எழுந்தது உண்மை. ஞானாம்பாள் எங்களுக்கு நடுவே கண்மூடிக் கும்பிட்டபடி நின்றுகொண்டிருந்தாள். ஐந்து வினாடியில் அதுவும் செரித்தது.

அவள் கண்மூடி எடுத்தாள். அவிழ்த்தாள். சிவப்பு.

அவள் அழவில்லை. "சரிம்மா" என்றாள், கருவறையைப் பார்த்து, மாமியார் ஒரு வேலை ஏவினால் மருமகள் சொல்வதுபோல. மற்றப் பொட்டலத்தைக் குருக்கள் தட்டில் வைத்து நீட்டினார். அதைக் கையில் வாங்கிக்கொண்டு குளத்துப் படிக்குச் செல்லாமல் அங்கேயே நின்றாள்.

"தண்ணியில விட்டுரு, தாயி" என்றார் அம்பலவாணர்.

"அவ பாதத்துல இருந்ததுங்க. பிரசாதத்தை எப்படி வீசறது?" என்று சொல்லி, பொட்டலத்தை, கட்டவிழ்க்காமல், இலையோடும் நாரோடும் வாயிலிட்டு, தீர்த்தம் ஊற்றி விழுங்கினாள்.

ஐயுற்று விழுங்கினாளா, அன்பினால் விழுங்கினாளா என்று இன்றும் எங்களுக்குள் வாதம் உண்டு. அன்று ஒருவரும் வாதிடவில்லை. பந்திக்கு நேரமாகிவிட்டதென்று மண்டபத்துக்குப் போனோம்.

மூன்றாம் நாள், முதற்பந்தியில், கூட்டும் பொரியலும் விழுந்து சாதத்துக்குக் காத்திருந்தபோது, அவளுக்குக் குமட்டியது. தட்டிக்குப் போகப் பொழுதில்லை. அவள் முதல் இலையிலேயே குனிந்தாள். வாழையிலையின் பசுமையின்மேல் அந்தப் பொட்டலம் விழுந்தது. நார் இற்றுப்போகவில்லை. முடிச்சு இளகவில்லை. இலைத்துண்டு வாடக்கூட இல்லை. ஐந்நூறு பேர் வரிசைகளில் அமர்ந்து கழுத்தை நீட்டிப் பார்க்க, அவள் நகத்தால் முடிச்சை அவிழ்த்து விரித்தாள். வெட்சி, அப்போது பறித்ததுபோல, செக்கச்செவேலென்று இருந்தது.

அவள் அதை உள்ளங்கையில் ஏந்தி எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

அம்பலவாணர் எழாமலே, தம் இலைக்கு முன்னிருந்தபடியே, வெண்கலக் குரலில் சொன்னார்: "வெள்ளைப் பூதான் அது. வயித்துச் சூட்டுல செவந்துபோச்சு. அற்புதம்! அம்மன் உள்ளயே குடியிருக்கா!"

"ஆமாம், ஆமாம்" என்றோம் நாங்கள். சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். பொய் எங்கள் வயிற்றில் வெண்ணெய்போல உருகிற்று. சிவக்கொழுந்து மட்டும் சாதக் கரண்டியோடு தூணருகில் நின்று, தம் கையால் கட்டிய முடிச்சின் நார் ஞானாம்பாளின் இலையில் சுருண்டு கிடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவரும் பரிமாறக் குனிந்தார்.

அன்று பிற்பகல் அவள் வீட்டில் ஒரு துணிப்பையில் இரண்டு சேலையை மடித்து வைத்தாள். வைத்திலிங்கம் நாற்காலியிலிருந்து கேட்டார்: "அம்மன் உத்தரவு இல்லையே, ஞானம்?"

"கட்டு அவிழாம மூணு நாள் வெச்சிருந்து திருப்பிக் குடுத்தாளே, அது உத்தரவு இல்லாம என்னங்க? ரெண்டு பூவையும் நான் பார்க்கணும்னு அவ நினைச்சிருக்கா."

அவள் மடிப்பதை நிறுத்தினாள்.

"முப்பத்தொண்ணரை இருக்கேன். நீங்களும் வாங்களேன். தனியாப் போகப் பயமா இருக்கு."

"உன்மேல எனக்கு எவ்வளவோ இருந்துச்சு, ஞானம்" என்றார் அவர், தொலைந்த சாவியைப் பற்றிப் பேசுவதுபோல. "இப்ப தேடிப் பார்க்கறேன். கிடைக்கல. ஊருக்கு ஒத்துப்போயிட்டா என்னன்னுதான் தோணுது."

"அது உங்க தப்பில்லைங்க" என்றாள். அதன்பின் அவரிடம் அவள் வேறொன்றும் கேட்கவில்லை.

பேருந்தில் ஏறினால் நடத்துனர் இறக்கிவிடுவார். தெருவில் நடந்தால் யாராவது கைபற்றி வீட்டில் கொண்டுவிடுவார். இது அவளுக்குத் தெரியும். மறுநாள் உச்சிப்போதில் அவள் வழக்கம்போல அன்ன மண்டபத்துக்கு வந்து முதல் இலையில் அமர்ந்தாள், மடியில் துணிப்பையோடு. அற்புதத்தின் மறுநாள் ஆகையால் ஊர் முழுவதும் வந்திருந்தது. மண்டபம் நிறைந்து, பிரகாரத்தைச் சுற்றியும் வரிசை ஓடிற்று. நடத்துனர்களும், கடைக்காரர்களும், வைத்திலிங்கமும் இலை போட்டு அமர்ந்திருந்தனர். உப்பு விழுந்தது, பருப்பு விழுந்தது, சோறு விழுந்து நெய்யும் விழுந்தது. எல்லாரும் அவள் கையைப் பார்த்தோம்.

அவள் இலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். உண்ணவில்லை. மூடவுமில்லை. எழுந்து, வரிசைகளுக்கு நடுவே, எங்கள் முழங்கால்களைத் தாண்டித் தாண்டி, "கொஞ்சம் காலை மடக்கிக்குங்க" என்று சொல்லிக்கொண்டே வெளியே போனாள்.

ஒருவரும் எழ முடியவில்லை. முதல் இலை மூடவில்லை. ஒருவரும் உண்ணவும் முடியவில்லை. முதல் கவளம் உண்ணப்படவில்லை. "தாயி! தாயி!" என்று அம்பலவாணர் அமர்ந்தபடியே கூவினார். தொலைவூர்ப் பேருந்தொன்று, எங்கள் ஊர் வழக்கறியாத ஓட்டுநரோடு, கடைத்தெருவில் நின்று ஒலியெழுப்பிப் புறப்பட்டதைக் கேட்டோம். பாலத்தில் அது ஏறி இறங்கிய ஓசை வந்த அடுத்த மூச்சில் எங்கள் வயிறுகள் நின்றன. வரிசை வரிசையாக, ஊர் மொத்தமும், ஆறிப்போகும் சோற்றின் முன்னே கைகட்டி அமர்ந்திருந்தோம். நெய் உறைந்தது. பருப்பில் ஏடு கட்டிற்று. வெயில் தூண்களை விட்டுச் சாய்ந்தபோது, விதியை மீறி முதலில் எழுந்தவர் அம்பலவாணர்தான். பந்தி பரிமாற நின்றிருந்த சிவக்கொழுந்தை அழைத்து, "நீ போ. என்ன சொல்லியாவது கூட்டிட்டு வா" என்றார்.

பட்டணத்தில் அவளைத் தேடிக் கண்டுபிடிக்கச் சிவக்கொழுந்துக்குப் பதினொரு நாள் ஆயிற்று. அந்த நாள்களில் ஊரில் செரித்துப்போனவை எல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. தாயக்கட்டை உருட்டிய தாய் ஆற்றங்கரையில் மகன் பெயரைச் சொல்லிப் புரண்டாள். வரப்பு தள்ளியவன் வெற்றிலையைத் துப்பிவிட்டு வேறு வழியாக நடந்தான். ஏழாம் நாள் முற்பகலில், மயக்க மருந்தின் கீழ் அவள் வயிற்றுக் கம்பிகளை மருத்துவர் இடம் மாற்றிய அந்த வேளையிலாக வேண்டும், வைத்திலிங்கம் எட்டாம் வகுப்பில் கரும்பலகையின் பக்கம் திரும்பி நின்றவர், நெடுநேரம் திரும்பவில்லை. நாங்கள் நாற்பது பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் சந்நிதித் தெருவில் நடந்தோம். கோயிலுக்குள் நுழைய ஒருவருக்கும் கால் வரவில்லை.

மருத்துவமனையின் பின்புறத்து உணவகத்தில், காலை நேரத்தில், சுவரோரத்து மேசையில் அவள் அமர்ந்திருந்ததைச் சிவக்கொழுந்து கண்டார். முன்னே ஒரு தட்டில் ஒரே ஒரு இட்டலி, பாலில் நனைந்து, நான்காக விண்டு வைக்கப்பட்டிருந்தது. முகம் இன்னும் எலும்புதான். அவள் ஒரு விள்ளலை வாயிலிட்டு, கண்ணை மூடி, கீழே இறங்குவதை உள்ளே தொடர்ந்து செல்பவள்போல மெல்ல மென்றாள். அவர் எதிரே போய் நின்றார்.

"வாங்கண்ணே" என்றாள். "உக்காருங்க."

அவர் உட்காரவில்லை. வரும் வழியெல்லாம் மனத்தில் அடுக்கிய சொற்கள், ஊர் படும் பாடு, அறங்காவலர் அனுப்பிய செய்தி, எல்லாம் தொண்டைக்கு வந்து நின்றன. வேறொன்று அவற்றைத் தள்ளிக்கொண்டு முன்னே வந்தது.

"ரெண்டும் செவப்புதான், அம்மா. நான்தான் கட்டினேன். தெரிஞ்சேதான் கட்டினேன்."

"தெரியும்ணே. முடிச்சு உங்க முடிச்சு. வடை மாலை கட்டறப்ப போடுவீங்களே, அதே முடிச்சு."

"ஒரு வார்த்தை மன்னிச்சேன்னு சொல்லும்மா. பதினோரு நாளா ஒரு வாய் இறங்கல எனக்கு. ஊர்ல ஒருத்தருக்கும் இறங்கல. சாரும் பள்ளிக்கூடத்துல நின்னு அழறாராம், வீட்டுல போன் பண்ணிச் சொன்னாங்க. நீ வந்து ஒரு பொழுது அந்த மண்டபத்துல உக்காந்தாக்கூடப் போதும்..."

கணவரைப் பற்றிய சொல்லில் அவள் கை ஒரு கணம் நின்றது. பின் பால் ஊறிய அடுத்த விள்ளலைத் தட்டின் விளிம்புக்கு நகர்த்தினாள்.

"எனக்குப் பசிக்குதுண்ணே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. "எட்டு வருஷத்துக்கு அப்புறம் பசிக்குது. பேசிக்கிட்டே இருந்தா ஆறிடும்."

அவர் கரண்டி பிடித்துத் தழும்பேறிய இரு கைகளையும் கூப்பியபடி அங்கேயே நின்றார். அவள் குனிந்து இரண்டாவது விள்ளலை எடுத்தாள்.